ஸ்னோ உருகும் எட்டுக் கிழமைகள்: ரொறொன்ரோவில் கமராவோடு வெளிக்கிடுபவர்களுக்கு

மார்ச் மாதத்து ஸ்காபரோவை வடிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிளாசாக்களின் மூலையில் தள்ளிக் குவித்த ஸ்னோ கரிபிடித்துக் கிடக்கும். அதற்குள்ளிருந்து ஒரு ஷொப்பிங் வண்டியின் சில்லு எட்டிப் பார்க்கும். புல் செத்த நிறம். மரமெல்லாம் வெறும் தடி. "இந்தக் குளிருக்குள்ள காய்ஞ்ச தடியைப் படம் எடுக்கவோ போறாய்?" என்று என் அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பா. கேள்வி நியாயமானதுதான்.

படமெடுக்கத் தொடங்கும் பலர் இந்த மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் ஹை பார்க்கில் செரி பூத்துவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் கமராவின் தூசு தட்டப்படும். நானும் நாலைந்து வருடம் அப்படித்தான் இருந்தேன். அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே படம்: பூ, பூவுக்கு முன்னால் சனம். மார்ச் தொடக்கத்திலிருந்து மே தொடக்கம் வரைக்குமான எட்டுக் கிழமைக்குள் நடப்பது வேறு. இந்தக் கிழமை இருந்ததை அடுத்த கிழமை காணமாட்டீர்கள். ஐஸ் போகும், பறவை வரும், மொட்டு வெடிக்கும், காட்டுத்தரையில் பூ வந்து பத்து நாளில் மறையும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. பூவே இல்லாத இடத்தில் எதைப் படமெடுப்பது என்று கண் தேடத் தொடங்கும். அந்தத் தேடல்தான் பாதிப் பழக்கம்.

ஒரு சொல் பற்றி முன்கூட்டியே. ஸ்னோவைப் பனி என்று எழுதலாம். ஆனால் எனக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வாழையிலையில் நிற்பது. இங்கே பூட்ஸ் போட்டு மிதிப்பது வேறு சாமான். ஆகவே ஸ்னோ ஸ்னோவாகவே இருக்கட்டும்.

முதலில் ஓர் இடத்தைப் பிடியுங்கள்

வடக்கே அல்கொன்குவின் பூங்கா வரை கார் ஓடத் தேவையில்லை. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் போய்வரக்கூடிய இடம் ஒன்று போதும். தண்ணீர் இருக்க வேண்டும், நாலு மரம் இருக்க வேண்டும், நடைபாதை இருக்க வேண்டும். ரொறொன்ரோவில் இதற்குப் பஞ்சமில்லை. நகரம் முழுவதையும் ரவீன் என்னும் பள்ளத்தாக்குகள் ஊடறுத்து ஓடுகின்றன. என்னுடைய இடம் ஹைலன்ட் கிறீக், மோர்னிங்சைட் பூங்காவுக்குள் வருகிற பகுதி. கிழக்கே இன்னும் கொஞ்சம் போகக்கூடியவர்களுக்கு ரூஜ் இருக்கிறது. 2015இல் கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக அமைத்தார்கள், ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் இல்லை.

இடத்தைப் பிடித்ததும் அங்கே ஒரு மரத்தைத் தெரிவுசெய்யுங்கள். எந்த மரம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிழமைக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் கமராவைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். காலடிக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு சிமெந்துக் கட்டையின் மூலை அடையாளம். இந்தப் படம் தனியாக ஒன்றுக்கும் உதவாது. எட்டையும் வரிசையாக வைக்கும்போது தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை

போன் கமராவே போதும். லென்ஸ் மாற்றக்கூடிய கமரா வைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். காசு செலவழிப்பதென்றால் முதலில் நல்ல நீர்புகாத பூட்ஸ் வாங்குங்கள். கால் நனைந்தவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுமையாகப் படம் எடுப்பதை நான் கண்டதில்லை.

குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கும். லிதியம் பற்றறிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடுவதுதான் காரணம். வீட்டில் நாற்பது வீதம் காட்டிய போன் ஆற்றங்கரையில் சடாரென்று செத்துப்போகும். பயப்பட வேண்டாம், சூடேறியதும் பெரும்பாலும் திரும்பி வரும். மேலதிகப் பற்றறி இருந்தால் ஜக்கற்றுக்குள், உடம்பின் சூடு படும் பையில் வையுங்கள். போனையும் படம் எடுக்காத நேரத்தில் அங்கேதான் வைக்க வேண்டும். முதுகுப் பையின் வெளிப்பக்கப் பொக்கற் கூடாது.

மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் தடித்தது ஒன்று. தடித்ததைக் கழற்றிப் பொத்தானை அழுத்தலாம். பிறகு ஒரு குப்பைப் பை, பெரிய கறுப்புப் பை. ஏப்ரலில் ஈரத்தரையில் முழங்கால் குத்தி இருக்கவும், சிலவேளை படுக்கவும் வேண்டிவரும். என் கமராப் பையில் மிகப் பயன்பட்ட உபகரணம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் குப்பைப் பையைத்தான் காட்டுவேன். கடைசியாக, சிப் வைத்துப் பூட்டக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று. ஏன் என்று கீழே வருகிறது.

ஸ்னோ ஏன் சாம்பலாக வருகிறது

மார்ச் முதல் இரண்டு கிழமையும் பெரும்பாலும் ஸ்னோ இருக்கும். கண்ணுக்குப் பளீரென்று வெள்ளையாகத் தெரிகிற வெளியைப் படமெடுத்துப் பார்த்தால் அழுக்குச் சாரம் போல ஒரு சாம்பல் நிறம். புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. போன் பழுது, லென்ஸ் கூடாது என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

கமராவுக்கு எது ஸ்னோ, எது கரிக்கட்டை என்று தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப அளவிடும். படம் முழுவதும் வெள்ளை என்றால், "அடடா, வெளிச்சம் கூடிவிட்டது" என்று அது தானாகவே குறைத்துவிடும். இப்போதைய போன்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டித்தனமானவை என்றாலும் முழுதாக நம்ப முடியாது. நீங்கள்தான் திருப்பிக் கூட்ட வேண்டும்.

கமராவில் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் என்று கூட்டல் கழித்தல் அடையாளத்தோடு ஒரு பொத்தான் அல்லது சில்லு இருக்கும். ஸ்னோ நிறைந்த காட்சிக்கு அதைக் கூட்டல் 1க்கு வையுங்கள். வெயில் நன்றாக எறித்தால் ஒன்றரை வரை போகலாம். போனில் என்றால் திரையில் ஸ்னோவைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தோன்றும். விரலால் அதை மேலே இழுங்கள். எவ்வளவு மேலே? ஸ்னோ வெள்ளையாகும் வரை, ஆனால் அதன் மேடுபள்ளமும் காலடித்தடமும் அழியாத வரை. தடம் அழிந்து கடதாசி போலாகிவிட்டால் கூடிவிட்டது, கொஞ்சம் இறக்குங்கள். அழிந்துபோன வெள்ளையை வீட்டில் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

நிழலில் கிடக்கும் ஸ்னோ நீலமாக வரும். அது பிழை இல்லை. நேர் வெயில் படாத இடத்துக்கு நீல வானத்தின் வெளிச்சம்தான் போகிறது, கமரா உள்ளதைச் சொல்கிறது. சிலர் வைற் பலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, மாற்றி அதை வெள்ளையாக்கப் படாதபாடு படுவார்கள். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். மாலை வெயில் மரத்தில் மஞ்சளாக விழ, அதன் நிழல் ஸ்னோவில் நீலமாக நீளும்போது அந்த இரண்டு நிறமும்தான் படமே.

வீட்டுக்குள் நுழையும் முன்

முதல் வருடம் நடந்தது. மறை பதினைந்துக் குளிரில் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, படங்களைப் பார்க்கும் அவசரத்தில் கமராவோடு நேரே குசினிக்குள் போனேன். அடுப்பில் குத்தரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அரை நிமிடத்தில் லென்ஸ், திரை, உடல் எல்லாம் புகைபிடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டன. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. அதைவிடப் பெரிய பிழை, உள்ளே என்ன நடந்தது பார்ப்போம் என்று லென்ஸைக் கழற்றியது. ஈரம் உள்ளே போய், அதன் தடம் லென்ஸுக்குள் இன்றைக்கும் இருக்கிறது.

குளிர்ந்த கண்ணாடியில் வீட்டின் சூடான ஈரக்காற்றுப் பட்டால் தண்ணீர் ஒடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையின் மேல் மூக்குக் கண்ணாடியைப் பிடித்தது போலத்தான். இதைத் தடுக்க, வெளியே நிற்கும்போதே கமராவை அந்தச் சிப் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றிப் பூட்டுங்கள். உள்ளே கொண்டுவந்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் தொட வேண்டாம். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் பிடிக்கும், கமராவில் இல்லை. படத்தைப் பார்க்காமல் பொறுக்க முடியாதவர்கள் வெளியிலேயே மெமறிக் கார்ட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே சுழியத்துக்கு மேல் ஏழெட்டுப் பாகை வந்துவிட்டால் இவ்வளவு பாடு தேவையில்லை.

ஐஸ் கரையும் காலை

இந்த எட்டுக் கிழமையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மார்ச் நடுப்பகுதியில் பகலில் ஐந்தாறு பாகை வரும், இரவில் மறுபடி உறையும். மேப்பிள் மரத்தில் பாகுக்கான நீர் ஓடுவதும் இதே இழுபறியால்தான். ஒன்ராறியோ முழுக்க மேப்பிள் சிரப் காய்ச்சுகிற நாட்கள் இவை. ஆற்றங்கரையில் இதே இழுபறி வேறொன்றைச் செய்யும். இரவில் கரையோரம் மெல்லிய ஐஸ் தகடு பிடிக்கும். பிறகு நீர்மட்டம் இறங்கிவிடும். தகடு தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் கண்ணாடித் தட்டுப் போல நிற்கும். அதன் அடிப்பக்கத்தில் நீர்மட்டம் நின்று நின்று இறங்கிய கோடுகள், மரத்தின் வளையங்கள் மாதிரி. தண்ணீர் தெறிக்கிற இடத்தில் சாய்ந்து நிற்கும் புல்லுக்கும் குச்சிக்கும் நுனியில் ஐஸ் குமிழ் கட்டித் தொங்கும். ஒரு குச்சியில் ஏழு குமிழ் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்குள்ளும் எதிர்க்கரை தலைகீழாக நின்றது. பத்து மணிக்கு வெயில் விழுந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து முடிந்துவிட்டது.

எடுக்கும் விதம்: வெயில் உங்களுக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். முதுகுப்பக்கம் வெயில் இருந்தால் ஐஸ் வெறும் வெள்ளைக் கட்டியாகத் தட்டையாகும். எதிரொளியில்தான் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழும் வெடிப்பும் தெரியும். குனிந்து, குமிழின் மட்டத்துக்குக் கமராவை இறக்குங்கள். பின்னால் கறுப்பாக ஏதாவது, ஈரக் கல்லோ நிழல் விழுந்த கரையோ வரும்படி அரை அடி இடமோ வலமோ நகருங்கள். போனில் குமிழைத் தொட்டு, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக் குவியத்தை (ஃபோகஸ்) பூட்டிவிடுங்கள். மூச்சை லென்ஸில் விடாதீர்கள்.

ஓடும் தண்ணீரைப் பட்டுத்துணி போல இழைய வைக்க வேண்டும் என்றால் முக்காலி வேண்டும், ஷட்டர் வேகம், அதாவது கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், அரை வினாடி அளவில். ஆனால் எல்லாத் தண்ணீரையும் பட்டாக்குவது எனக்குச் சலித்துவிட்டது. ஐஸின் அடியில் ஓடுகிற தண்ணீரை வினாடியின் ஐந்நூறில் ஒரு பங்கில் நிறுத்திப் பாருங்கள்.

இனி, கண்டிப்பான விஷயம். ஆற்றின் மேலோ குளத்தின் மேலோ ஏரிக்கரையின் ஐஸ் மேட்டின் மேலோ ஏறவே கூடாது. மார்ச் ஐஸ் தடிப்பாக இருந்தாலும் உள்ளே அழுகிப்போனது. ஸ்காபரோ பிளவ்ஸில் இன்னொரு ஆபத்து உண்டு. ஏரிக்கு மேலே சில இடங்களில் 90 மீற்றர் வரை நிற்கும் அந்த மண்குன்றின் விளிம்பு, உறைவதும் உருகுவதுமாக இருக்கும் இந்தக் காலத்தில் இடிந்து விழும். மேலே வேலிக்கு அப்பால் போக வேண்டாம். கீழே அடிவாரத்திலோ களிமண் சேறு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். என்னுடைய வலது பூட்ஸ் ஒன்று அங்கே அரை மணித்தியாலம் குடியிருந்தது. தீயணைப்புப் படை வந்து ஆளைத் தூக்கிய கதைகளும் உண்டு.

கறுப்புப் பறவை வந்துவிட்டதா?

ஊரில் குயில் கூவினால் இளவேனில். இங்கே அந்த வேலையைச் செய்வது சிவப்புத் தோள் கறுப்புப் பறவை. ரெட்விங்ட் பிளாக்பேர்ட் என்று இங்குள்ளவர்கள் சொல்வது. மார்ச் தொடக்கத்தில், சதுப்பில் இன்னும் ஐஸ் இருக்கும்போதே ஆண் பறவைகள் தெற்கிலிருந்து வந்து ஆளுக்கொரு சம்புத்தடியைப் பிடித்துக்கொள்ளும். "கொங்-கரீ" என்று துருப்பிடித்த படலை திறப்பது மாதிரி ஒரு சத்தம். கத்தும்போது தோளைச் சிலிர்க்கும், அப்போதுதான் சிவப்பும் மஞ்சளும் முழுதாகத் தெரியும். பெண் பறவைகள் சில கிழமை கழித்துத்தான் வரும். அவை மண்ணிறக் கோடு போட்டவை. வேறு பறவை என்று நினைத்து நான் கனகாலம் ஏமாந்திருந்தேன். ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துச் சதுப்பு இவற்றைப் பார்க்க நல்ல இடம்.

பறவைப் படத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரே தடிக்கு மறுபடி மறுபடி வரும், ஆளுக்குப் பெரிதாகப் பயப்படாது. முதல் பத்து நிமிடம் கமராவைத் தூக்காமல் பாருங்கள். எந்தத் தடியில் இருந்து எந்தத் தடிக்குப் போகிறது என்று விளங்கிவிடும். பிறகு அந்தத் தடிக்கு முன்கூட்டியே குவியம் வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400 முதல் 800, அசையும் பொருளை விடாமல் பிடிக்கும் தொடர் குவியம், குவியத்துக்கு ஒற்றைப் புள்ளி. புள்ளி கண்ணில் விழ வேண்டும். கண் தெளிவில்லாத பறவைப் படத்தை நான் அழித்துவிடுவேன். போன் மட்டும் வைத்திருப்பவர்கள் பறவையை நெருக்கி எடுக்க முயல வேண்டாம். சதுப்பு முழுவதையும், அதில் ஒரு கறுப்புப் புள்ளியாகப் பறவையையும் வையுங்கள். அதுவும் நல்ல படம்தான், சொல்லப்போனால் பலவேளை அதுவே நல்ல படம்.

மேலே ஸ்னோவுக்குச் சொன்னதைத் திருப்பிப் போட வேண்டிய இடம் இது. கறுப்புப் பறவை சட்டத்தை நிறைத்தால் கமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், இறகு சாம்பலாகும். கழித்தல் பக்கம் அரையோ ஒன்றோ இறக்குங்கள்.

இன்னொரு தந்திரம். சுழியத்துக்குக் கிட்டவான குளிர்க் காலையில், சூரியன் பறவைக்குப் பின்னால், அதற்கும் பின்னால் இருண்ட மரங்கள் என்று இருக்கும்படி நில்லுங்கள். கத்தும்போது அதன் மூச்சு ஆவியாகச் சுருண்டு போவது தெரியும். மூன்று வருடத்தில் எனக்கு ஒரேயொரு முறைதான் சரியாகக் கிடைத்தது.

மே வந்து கூடுகட்டிவிட்டால் இதே பறவை உங்கள் தலையில் கொத்தும். பகிடி இல்லை. அப்போது அந்தப் பாதையை விட்டு விலகிவிடுங்கள்.

மணிக்கூடு

மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். நித்திரைப் பிரியர்களுக்கு இதில் ஒரு லாபம்: சூரியன் உதிப்பது ஏழரை மணிக்குப் போய்விடும். கோப்பி குடித்துவிட்டு ஆறுதலாகப் போனாலும் நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் அதே சூரியன் ஆறேகாலுக்கு முன்னமே வந்துவிடும், பிறகு பாடுதான்.

நண்பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கக்கூடாது என்ற விதியை ஊரில் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் தளர்த்தலாம். மார்ச் 20ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். ரொறொன்ரோவில் அதே நாள் அது பாதி வானம்தான், 46 பாகை அளவில், ஏறும். இலை இல்லாத மரங்களின் நிழல் மத்தியானத்திலும் நீளமாக விழும். மூடிய வானம் என்றாலும் வீட்டில் இருக்க வேண்டாம். பூவுக்கும் பாசிக்கும் ஈரப்பட்டைக்கும் மூட்டம்தான் நல்லது. அந்த நாளில் வானத்தைப் படத்துக்குள் விடாமல் எடுத்தால் போதும்.

மண்ணிறமான ஏப்ரல்

ஸ்னோ போய்விட்டது, பச்சை வரவில்லை. பலர் கைவிடும் கிழமைகள் இவை. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, உண்மைதான். கிட்டப் போங்கள்.

வெள்ளி மேப்பிளும் சிவப்பு மேப்பிளும் இலை விடுமுன் பூக்கும். தெருவோர மரத்தின் நுனியில் சிவப்புத் தூள் அப்பியது போலத் தெரிந்தால் அது பூ. வில்லோவின் மொட்டு பூனைக்குட்டியின் பாதம் மாதிரிச் சாம்பல் மயிரோடு வெடிக்கும். பாதையோரச் சரளை மண்ணில் மஞ்சளாக ஒன்று பூத்திருக்கும். டன்டலைன் என்று நினைப்பீர்கள். இலையே இல்லாமல், செதில் செதிலான தண்டில் நின்றால் அது கோல்ட்ஸ்ஃபுட், ஐரோப்பாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட செடி. இலை பிறகு, குதிரைக் குளம்பின் வடிவத்தில் வரும்.

சின்னப் பொருளைக் கிட்ட எடுக்கும்போது நேரும் சிக்கல் இரண்டு. ஒன்று காற்று. மொட்டு ஆடிக்கொண்டே இருக்கும். விடியலில் காற்று குறைவு. மற்ற நேரம் என்றால் ஒரு கையால் கிளையின் அடிப்பகுதியைப் படத்தில் வராமல் பிடித்துக்கொள்ளுங்கள். இருநூற்றைம்பதில் ஒன்றுக்குக் குறையாத ஷட்டர் வேகம் வையுங்கள். மற்றது குவியம். அவ்வளவு கிட்ட வரும்போது தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு அரிசிமணி அகலம்தான். கமராவை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்பாதீர்கள். வளையத்தை விட்டுவிட்டு உங்கள் உடம்பை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, தெளியும் கணத்தில் அழுத்துங்கள். ஐந்தாறு எடுத்தால் ஒன்று தேறும். போனில் மிகக் கிட்டப் போனால் குவியம் பிடிக்காது. ஒரு சாண் பின்னால் வந்து இரண்டு மடங்கு சூமில் எடுங்கள்.

ஏரிக்கரையில் ஏப்ரலிலும் ஜக்கற் வேண்டும். ஒன்ராறியோ ஏரியின் குளிர்ந்த தண்ணீர் கரையோரத்தைக் குளிராகவே வைத்திருக்கும். உள்ளே பூத்தது கரையில் சில நாள் பிந்தித்தான் பூக்கும். உங்கள் இடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் ஏரிப்பக்கம் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று: உண்ணி. நாலு பாகைக்கு மேல் போனாலே கறுப்புக்கால் உண்ணிகள் நடமாடத் தொடங்கிவிடும். லைம் நோய் அவற்றால்தான் வருகிறது. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். தரையில் படுத்துப் படம் எடுக்கச் சொல்கிறவன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

காட்டுத்தரைப் பூக்கள்

ஏப்ரல் பிற்பகுதியில் மரங்கள் இலை விரித்துக் கூரை போடுமுன், தரையில் விழும் வெயிலைக் குடித்துவிடச் சில செடிகள் அவசரமாக எழும்பும். பிளட்றூட் முதலில். ஒற்றை இலை மொட்டைச் சால்வை போலப் போர்த்தியபடி மேலே வரும், பிறகு வெள்ளைப் பூ. அதன் கிழங்கைக் கீறினால் இரத்தச் சிவப்பில் சாறு வடியும், பெயர் அதனால். இந்தப் பூ வெயிலில்தான் விரியும், இரவில் மூடிக்கொள்ளும். விடியற்காலை போனால் ஏமாற்றம்தான். வெயில் நாளில் பத்துமணிக்குப் பின் போங்கள். சில நாளில் இதழ் கொட்டிவிடும், அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம். ட்ரவுட் லில்லி மஞ்சள் நிறம், தலை குனிந்திருக்கும். அதன் முகத்தைப் பார்க்கக் குப்பைப் பையை விரித்துக் கன்னத்தைத் தரையில் வைக்க வேண்டும்.

பிறகு ட்ரில்லியம். மூன்று இலை, மூன்று இதழ். 1937 முதல் ஒன்ராறியோவின் பூ. சாரதி அனுமதிப்பத்திரத்தில் பார்த்திருப்பீர்கள். விதை விழுந்து பூப்பதற்கு ஏழு வருடமும் அதற்கு மேலும் எடுக்கும். விதையைச் சுமந்துபோய் ஊன்றுவது எறும்பு. பூவை இலையோடு பறித்தால் செடியே செத்துப்போகலாம். அதைவிடக் கூடுதலாக நடப்பது, நடுவில் நிற்கும் ஒரு பூவை எடுக்கப்போய் சுற்றியிருக்கும் பத்து முளையை மிதிப்பது. இன்னும் பூக்காத முளை கண்ணில் படாது. பாதையோரத்தில் நின்று எட்டக்கூடிய பூவைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது தூரத்தில் இருந்து காடு முழுவதையும் எடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மூட்டமான காலை நல்லது. வெள்ளைப் பூவுக்கு நேர் வெயில் ஆகாது, இதழின் நரம்பு எல்லாம் கரைந்துவிடும். போலரைசர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் ஈர இலையின் பளபளப்பை அதனால் குறைக்கலாம். இதழ் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வேறு இனம் என்று ஓடித்திரிய வேண்டாம், வெள்ளை ட்ரில்லியம் முதுமையில் அப்படி ஆகும்.

விலங்குகளுக்கும் இது குட்டிபோடும் காலம். 2020 வசந்தத்தில் பீச்சஸ் பகுதியில் பலகை நடைபாதைக்குக் கீழே நரிக் குடும்பம் ஒன்று வளை போட்டது. படமெடுக்கவும் பார்க்கவும் சனம் திரண்டு, கடைசியில் வேலி அடித்துக் காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆந்தைக்கூடு, நரிவளை எங்கே என்று இணையத்தில் இடம் குறித்துப் போடாதீர்கள். தீன் போட்டுக் கூப்பிடுவதும் போனில் பறவைச் சத்தம் போட்டு இழுப்பதும் வேண்டாம். விலங்கு உங்களைப் பார்த்துத் தன் வேலையை நிறுத்திவிட்டால் நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

செரிப்பூவும் பார்க்கத்தான் வேண்டும்

ஹை பார்க்கைக் குறை சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க முடியவில்லை, ஒவ்வொரு வருடமும் போகிறேன். 1959இல் தோக்கியோ மக்களின் சார்பில் யப்பானியத் தூதுவர் கொடுத்த 2,000 செரி மரங்களில் தொடங்கியது அது. உச்சப்பூ ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் நாட்களில் வரும். நல்ல மழையும் காற்றும் அடித்தால் நாலைந்து நாளில் முடிந்துவிடும். அந்த நாட்களில் பூங்காவுக்குள் வாகனம் விடமாட்டார்கள். ஸ்காபரோவில் கெனடி சப்வே நிலையத்தில் ஏறினால் மாறாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். வார நாளில், சூரியன் உதிக்கும்போது அங்கே நில்லுங்கள். எட்டு மணிக்குப் பிறகு கல்யாண அல்பங்களுக்கு இடம்விட வேண்டிவரும். வழியில் செயின்ற் ஜோர்ஜ் நிலையத்தில் இறங்கினால் ரொபார்ட்ஸ் நூலகத்தின் பக்கத்திலும் செரி வரிசை உண்டு. சாம்பல் கொங்கிறீற்றுக்கு முன்னால் அந்த இளஞ்சிவப்பு இன்னும் எடுப்பாக இருக்கும்.

பூ நிறைந்த கிளைக்குக் கீழே நின்று வானத்தைப் பார்த்து எடுத்தால் பூ இருண்டுபோகும். ஸ்னோவுக்குச் செய்தது போலக் கூட்டல் பக்கம் ஒன்று வையுங்கள். கீழே கொட்டிய இதழையும், பட்டையின் கிடைக்கோடுகளையும் மறக்க வேண்டாம்.

எட்டாம் கிழமை

ஒவ்வொரு முறை வந்ததும், அன்றைக்கு எடுத்ததில் பத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். திகதியோடு ஒரு கோப்புறை, கொப்பியில் இரண்டு வரி: என்ன பாகை, எது பூத்தது, எது கத்தியது. அடுத்த வருடம் பிளட்றூட் எந்தக் கிழமை என்று உங்கள் கொப்பிதான் சொல்லும். இணையத்தில் கிடைக்கும் திகதி உங்கள் ஆற்றங்கரைக்குப் பொருந்தாது.

மே இரண்டாம் கிழமையளவில் மேப்பிள் இலை விரிந்து கூரை மூடிவிடும். காட்டுத்தரை திடீரென்று இருட்டாகும், ட்ரவுட் லில்லியின் இலைகூட மஞ்சளடித்து மறையத் தொடங்கும். சிமெந்துக் கட்டையின் மூலையில் நின்று அந்த மரத்தைக் கடைசியாக ஒருமுறை எடுங்கள். போன வருடம் எட்டையும் குசினி மேசையில் பரப்பியபோது அம்மா இரண்டாவதைத்தான் கையில் எடுத்தா, ஸ்னோ பாதி போய் மரம் தடியாக நின்ற படம். "இதென்ன, எங்கட முருங்கை பட்டுப்போய் நிக்கிற மாதிரி" என்றா. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நுனியில் இருந்த சிவப்பு என்னவென்று கேட்டா.